ஓரம் வெட்டாமல் கட்டித் தந்த வேதாகமம்: மட்டக்களப்புக் கோட்டைமுனையில் ஒரு பைண்டிங் கடை

அம்மாவின் வேதாகமத்தைப் புதிதாகக் கட்டுவித்து வாங்கி ஐந்து கிழமை ஆகிறது. தினமும் பாவித்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று பொறுத்திருந்தேன்.

1971இல் அம்மாவின் கலியாணத்துக்குக் கிடைத்த புத்தகம் அது. முதுகு பிளந்து, ஆதியாகமம் தனியாக, வெளிப்படுத்தின விசேஷம் ஒரு பொலித்தீன் பைக்குள் தனியாகக் கிடந்தது. போன வருடம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு என்னிடம் வந்தது. முதலில் கொண்டுபோன கடையில் "இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசு வாங்கலாம்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் கட்டித் தரச் சம்மதித்தார்கள், ஆனால் மூன்று பக்கமும் கால் அங்குலம் மெஷினில் வெட்டித்தான் தருவார்களாம். அதைக் கேட்டதும் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏனென்றால் அம்மா எழுதியதெல்லாம் அந்தக் கால் அங்குலத்துக்குள்தான் இருக்கிறது.

அம்மா நாட்குறிப்பு எழுதியவர் அல்ல. கர்த்தர் செய்ததை மறக்கக் கூடாது என்று, வாசித்த வசனத்துக்குப் பக்கத்திலேயே திகதியைப் போட்டு ஒரு வரி எழுதிவைப்பார். 91ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் 23.11.1978. "கூரை முழுக்கப் போனது. கட்டிலுக்குக் கீழே ஐந்து பேர். ஒருவருக்கும் காயமில்லை." அந்த ஐவரில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது ஐந்து வயது. சூறாவளி ஓய்ந்த காலையில் வெளியே வந்து பார்த்தால் வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. 46ஆம் சங்கீதத்தில் 26.12.2004. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குக் கல்லடியிலிருந்து புளியந்தீவுக்கு வந்திருந்தோம். திரும்பிப் போனபோது வீட்டில் சுவர் இரண்டுதான் மிச்சம். அம்மாவின் கையில் இருந்ததால் இந்தப் புத்தகமும் தப்பியது.

யுத்த காலத்தில், 1990இல் பிடித்துக்கொண்டு போன என் தம்பி பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தான். அதையும் எழுதியிருக்கிறார். அதே வரிக்குக் கீழே, "பக்கத்து வீட்டுப் பிள்ளை வரவில்லை. ஆண்டவரே, அந்தத் தாயை நினைத்தருளும்." 21.04.2019க்கு நேரே ஒரு சொல்லும் இல்லை. திகதி மட்டும்தான். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் இறந்த உயிர்த்த ஞாயிறு அது. அம்மா அன்று இரவு பேனையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் இருந்தது எனக்குத் தெரியும். எழுத முடியாத அந்த நாளையும் விட்டுவிடாமல் குறித்துவைத்தாரே, அதனால்தான் மற்ற வரிகளை நான் முழுவதுமாக நம்புகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். கோட்டைமுனையில் ஓர் ஒழுங்கைக்குள், வீட்டு விறாந்தையில் நடக்கும் கடை. பெயர்ப்பலகை இல்லை. புத்தகங்களை வைத்து இறுக்கும் பழைய இரும்புப் பொறி ஒன்று வாசலில் தெரியும், அதுதான் அடையாளம். பாடசாலை இடாப்புகள், கோயில் கணக்குப் புத்தகங்கள் என்று அடுக்கி வைத்திருந்தார் அந்த ஐயா. என் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "ரீச்சர், ஓரம் வெட்டினால்தான் வடிவாக இருக்கும். ஆனா எழுத்துப் போயிரும்." "வடிவு வேணாம் ஐயா, எழுத்து வேணும்" என்றேன். உடனே ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பெரிய எழுத்தில் "வெட்டக் கூடாது" என்று எழுதிப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டினார். அந்த இடத்திலேயே எனக்கு மனம் ஆறிவிட்டது.

வேலை சுத்தம். பழைய பசையை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்து, மடிப்பு மடிப்பாக நூலால் தைத்திருக்கிறார். பக்கவாட்டில் துளைபோட்டு இழுத்துத் தைத்திருந்தால் நடுவில் உள்ள எழுத்துகள் மறைந்திருக்கும். கிழிந்த தாள்களுக்கு மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறார், கீழே உள்ள எழுத்து தெரிகிறது. கறுப்பு ரெக்சின் அட்டை. நான் கேட்காமலே கடைசியில் எட்டு வெற்றுத்தாள் சேர்த்துத் தந்தார். 3,200 ரூபாய். இந்த வேலைக்கு அது அதிகமே இல்லை.

குறை இரண்டு. பத்து நாளில் தருவதாகச் சொல்லி இருபத்து நான்கு நாள் எடுத்தார், மூன்று தரம் நடந்தேன். மற்றது, முதுகு மிகவும் விறைப்பு. விரித்து வைத்தால் தானாக மூடிக்கொண்டது. இது சின்னக் குறைதானே என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். என் வீட்டில் அப்படி இல்லை.

தை மாதம் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர். கிளச்சும் கியரும் இடக்கையில்தான், அந்தக் கைதான் விழுந்துபோனது. மகன் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். ஒரு சம்பளத்தில் கடனும் மருந்தும். மூடிக்கொள்ளும் புத்தகத்தை அவரால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. ஐயாவிடம் போய்ச் சொன்னேன். முன்னுக்குப் பத்துத் தாள், பின்னுக்குப் பத்துத் தாள் என்று மாறிமாறி விரித்து மெதுவாக அமர்த்தச் சொன்னார். மூன்று கிழமை அப்படியே செய்தோம். இப்போது மடியில் விரித்தபடி நிற்கிறது.

போன வெள்ளி இரவு என் கணவர் மாற்கு எட்டாம் அதிகாரம் வாசித்தார். படவில் ஒரே ஓர் அப்பத்தை வைத்துக்கொண்டு சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தபோது எத்தனை கூடை மிஞ்சியது என்று இயேசு கேட்கிறார். பன்னிரண்டு. நாலாயிரம் பேருக்கு? ஏழு. கணக்கு அவர்களுக்குச் சரியாகத் தெரிகிறது, இருந்தும் பயப்படுகிறார்கள். என் நிலைமையும் அதேதான். கட்டிலுக்குக் கீழே காப்பாற்றப்பட்ட பிள்ளை நான், மாதக் கடைசியில் மருந்துச் சிட்டையைப் பார்த்தால் நடுங்குகிறேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அம்மாவின் எழுத்து: "எண்ணிப் பார், பிள்ளை." எந்தப் பிள்ளைக்கு எழுதினாரோ தெரியாது. வெட்டியிருந்தால் அந்த வரி எங்களுக்குக் கிடைத்திருக்காது. இரண்டு பேரும் எண்ணினோம், 1978இலிருந்து. எண்ணி முடித்து அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டோம்.

வெற்றுத்தாளில் நான் முதலில் எழுதியது அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த திகதி. போன கிழமை இடக்கைச் சுண்டுவிரல் கொஞ்சம் அசைந்தது, அதையும் எழுதிவிட்டேன்.

பழைய வேதாகமம் வைத்திருப்பவர்கள் தாராளமாக இங்கே கொடுக்கலாம். அவசரம் என்றால் வேண்டாம். எந்தக் கடையில் கொடுத்தாலும் ஓரத்தைப் பற்றி முதலே சொல்லிவிடுங்கள். அம்மாவின் பாட்டுப் புத்தகமும் முதுகு விட்டுப்போய் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அதைக் கொண்டுபோகிறேன்.