மெதுவாக வாசிக்கத் தெரியாத பியானோவும் என் மூன்று மாதச் சம்பளமும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. நேற்று சாயங்காலம் டெக்னீஷியன் வந்து பியானோவைக் கழற்றிக் காட்டினார். மேல்மூடி இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஸ்குரூக்கள் ஒரு கிண்ணத்தில் கிடக்கின்றன. மூன்று மாதச் சம்பளம் கூடத்தின் நடுவில் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது.

பழைய பொருள்களை வாங்கவும் விற்கவும் ஒரு இணையத் தளம், அதில் ஒரு விற்பனையாளர், அவரிடம் ஒரு வீட்டு டிஜிட்டல் பியானோ. இவ்வளவு போதும். தளத்தின் பெயரையும் பியானோ செய்த கம்பெனியின் பெயரையும் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. கம்பெனி மேல் எனக்கு வருத்தமும் இல்லை, புதிதாக இருந்த காலத்தில் நல்ல பியானோவாகத்தான் இருந்திருக்கும். வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 46. இரண்டு வருடமாக 61 கட்டை கீபோர்டில் கற்றுக்கொண்டிருந்தேன். அதன் கட்டைகளுக்குள் இருப்பது ஸ்பிரிங், தொட்டாலே இறங்கிவிடும். டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார்: "இதுலயே வாசிச்சீங்கன்னா விரலுக்குப் பலமே வராது. 88 கட்டை, ஹாமர் ஆக்‌ஷன். அதுக்குக் குறைஞ்சு எதையும் வாங்காதீங்க."

ஹாமர் ஆக்‌ஷன் என்பது என்ன என்று அப்போதுதான் படித்தேன். நிஜப் பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப் போய்த் தந்தியை அடிக்கும். விரல் உணர்வது அந்தச் சுத்தியலின் கனத்தைத்தான். கட்டை தானாக இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். இடப்பக்கம் மந்தர ஸ்வரங்களுக்குச் சுத்தியல் பெரிது, அதனால் கட்டை கொஞ்சம் கனக்கும். வலப்பக்கம் போகப் போக லேசாகும். நல்ல டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது, ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டிச் சுத்தியல் உண்டு. அது எதையும் அடிப்பதில்லை, விரலுக்குக் கனம் காட்டத்தான் இருக்கிறது. ஒலி, நிஜப் பியானோவில் பதிவு செய்து சில்லுக்குள் வைத்தது.

இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும், 128-ஆ 192-ஆ, ஸ்பீக்கர் எத்தனை வாட், புளூடூத் உண்டா என்று ஒரு மாதம் படித்தேன். ஏமாந்ததற்கும் இதில் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை.

விளம்பரத்தில் இருந்தது இது: '88 கட்டை, முழு எடை, ஒன்றரை வருடமே ஆனது, தங்கை படிக்க வெளியூர் போய்விட்டதால் விற்கிறோம்.' பெயருக்குப் பக்கத்தில் தளம் கொடுத்த பச்சை டிக். 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்.' எதைச் சரிபார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவருடைய போன் நம்பரை.

நேரில்தான் போய்ப் பார்த்தேன், பார்க்காமல் வாங்கவில்லை. விற்பவருக்கு முப்பது வயது இருக்கும். "வாங்கக்கா" என்று கதவைத் திறந்தார். பியானோ சுவரோரம் இருந்தது, துடைத்துப் பளபளவென்று. ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். "சூடாகட்டும்னு முன்னாடியே போட்டுட்டேங்கக்கா" என்றார். டிஜிட்டல் பியானோவுக்கு எதற்கையா சூடு? அது என்ன தோசைக்கல்லா? அப்போது தோன்றவில்லை. தலையாட்டினேன்.

ஸ்டாண்டில் ஒரு பயிற்சிப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. ஸ்வரங்களுக்கு மேலே பென்சிலில் 1, 3, 2, 5 என்று விரல் எண்கள், ஒரு இடத்தில் அழித்து எழுதிய தடம். மூலையில் சின்னதாக ஒரு பூனைப் படம். "தங்கச்சியோடதுங்கக்கா. எடுக்க மனசு வரல, அப்படியே கெடக்குது."

அந்தப் பூனைதான் என்னைச் சாய்த்தது. அதற்கப்புறம் நான் பார்த்தது பியானோவை அல்ல, பார்க்காத ஒரு தங்கையை.

அவரே உட்கார்ந்து வாசித்தார். பெடலை மிதித்தபடி பெரிய பெரிய கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அழுத்தாக; எதிரொலியைக் கூட்டி வைத்திருந்ததால் அந்தச் சின்ன அறை மண்டபம் மாதிரி முழங்கியது. பிறகு எழுந்து, "நீங்க வாசிங்கக்கா" என்றார். எனக்குக் கூச்சம். அவ்வளவு நன்றாக வாசித்தவர் முன்னால் என் தட்டுத்தடுமாறலை யார் காட்டுவது? நின்றபடியே ஐந்து வெள்ளைக் கட்டைகளை அழுத்தினேன். சி, டி, இ, எஃப், ஜி. ஐந்தும் ஒரே அளவில், முத்துக் கோத்த மாதிரி வந்தன. என் விரல்கள் இவ்வளவு சமமாக எப்போது வாசித்தன என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வேறு.

நான் வாசித்து அது சமமாக வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விலை பேசும்போது, "என் சொந்த அக்காவா இருந்தாலும் இதே விலைதாங்கக்கா" என்றார். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்களாம், நேரடியாக அனுப்பினால் அதைக் கழித்துத் தருவாராம். அந்த அற்பத் தொகைக்கு ஆசைப்பட்டேன். அங்கேயே நின்று மூன்று மாதச் சம்பளத்தை அனுப்பினேன். அவர் போனில் 'டிங்' என்று சத்தம் வந்ததும் பிளக்கைப் பிடுங்கினார். அந்த வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் பொருத்தி முடிக்க மறுநாள் இரவாகிவிட்டது. எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் இடதுகோடி. அடி 'ஏ', 27.5 ஹெர்ட்ஸ், ஹெட்போனில் கேட்டால் தொண்டைக்குள் அதிர்கிற மாதிரி ஆழம். அடங்க வெகுநேரம் ஆயிற்று. நல்ல ஒலி, அதைப் பொய் சொல்ல மாட்டேன். வலதுகோடியும் அப்படித்தான், கண்ணாடி மணி மாதிரி. கட்டை இறங்கும் ஆழம், கனம், திரும்பி வரும் வேகம் எல்லாம் புதுசு போல.

அப்புறம் நடுவுக்கு வந்தேன். தாலாட்டு மாதிரி ஒரு எளிய பயிற்சி, மெதுவாக. சி கிசுகிசுத்தது. டி கிசுகிசுத்தது. இ காதில் அறைந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். திரும்ப, இன்னும் மெல்ல, நகம் படுகிற மாதிரி தொட்டேன். அதே அறை. எஃப் ஷார்ப்பும் அப்படியே. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தால் நாலைந்து கட்டைகள் 'டக் டக்' என்று மேசையில் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டன. ஒரு ஏ பாதியில் நின்று, யோசித்து, பிறகு எழுந்து வந்தது.

இரவு ஒரு மணிக்கு 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் காகிதத்தில் குறித்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நிமிடத்தை அங்கே செலவழிக்கவில்லையே என்றுதான் இப்போது வயிறு எரிகிறது. அறைகிறவை ஒன்பது, தட்டுகிறவை நான்கு, எழ மறுப்பது ஒன்று. எல்லாம் நடு இரண்டு ஆக்டேவில் (ஸ்தாயியில்), அதாவது என்னைப் போன்றவர்கள் நாள் முழுக்க வாசிக்கும் இடத்தில்.

காலையில் அவருக்குச் செய்தி அனுப்பினேன். "கை பழகணுங்கக்கா, புதுக் கட்டைல அப்படித்தான் இருக்கும்." மத்தியானம்: "ஈரப்பதமா இருக்கும், ஃபேன் போட்டு வைங்க." சாயங்காலம் வீடியோ எடுத்து அனுப்பினேன். "மேடம், எங்க வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க தூக்கிட்டுப் போனதுல ஏதாவது ஆகியிருக்கும்."

அக்கா மேடம் ஆனது அந்தச் செய்தியில்தான். மறுநாள் என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. போன் செய்தால் ஒரு மணி அடித்துக் கட்டாகிறது. என்னைத் தடுத்து வைத்துவிட்டார்.

தளத்துக்குப் புகார் எழுதினேன். முதலில் ஒரு இயந்திரம் பேசியது, என் பிரச்சினையை நான்கு பொத்தான்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 'பொருள் வரவில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. 'வந்தது, ஆனால் அறைகிறது' என்று இல்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மனிதரைப் பிடித்தேன். வீடியோ கேட்டார். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் காணொளியைப் பரிசீலித்தோம். எல்லாக் கட்டைகளிலும் ஒலி தெளிவாகக் கேட்கிறது.' அதைத்தானே சொல்கிறேன், கேட்கவே கூடாத அளவுக்குத் தெளிவாகக் கேட்கிறது! அடுத்த பதிலில், நேரடியாகப் பணம் செலுத்தியதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். கூடவே, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று ஐந்து நட்சத்திரங்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஐந்து நட்சத்திரம்.

இனி நேற்று நடந்தது. டெக்னீஷியன் மூடியைக் கழற்றி, கட்டைகளை உருவி, அடியிலிருந்து ஒரு ரப்பர் பட்டையைப் பிய்த்துக் காட்டினார். சின்னச் சின்னக் கொப்புளங்கள் மாதிரி இருந்தது, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் பொட்டு. கட்டை இறங்கும்போது முதல் பொட்டு முதலில் தொடும், இரண்டாவது அடுத்துத் தொடும். இரண்டுக்கும் நடுவில் போன நேரத்தை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று பியானோ கணக்குப் போடுகிறது. அதிக நேரம் என்றால் மெல்லிய ஒலி, குறைந்த நேரம் என்றால் பலத்த ஒலி. 1 முதல் 127 வரை எண். பொட்டு தேய்ந்தாலோ தூசி அடைத்தாலோ கணக்கு குழம்பி நேராக 127-க்குப் போய்விடும். என் ஒன்பது கட்டைகளில் நடப்பது அதுதான்.

"அப்படின்னா அவர் வீட்டுல மட்டும் எப்படிச் சமமா கேட்டுச்சு?"

அவர் சிரித்தார். கீ டச் என்று ஒரு செட்டிங் உண்டாம். சாஃப்ட், மீடியம், ஹார்ட், அப்புறம் ஃபிக்ஸட். ஃபிக்ஸடில் வைத்தால் எப்படி அடித்தாலும் ஒரே அளவு ஒலி, கெட்ட கட்டையும் நல்ல கட்டையும் ஒன்றுபோலக் கேட்கும். இந்த மாடலில் அணைத்துவிட்டுப் போட்டால் பழையபடி மீடியத்துக்கு வந்துவிடும். எனக்கு முன்னால் அணைத்துப் போடாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் அந்தச் 'சூடு'. முத்துக் கோத்த மாதிரி வந்த அந்த ஐந்து ஸ்வரமும் என் விரலால் வந்ததல்ல.

தட்டுகிற கட்டைகளுக்கு அடியில் இருந்த ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணிப் பட்டை நசுங்கித் தாள் போல ஆகியிருந்தது. எழ மறுக்கும் ஏ-யின் சுத்தியல் உடைந்து, உடனடிப் பசையால் ஒட்டியிருந்தது. பசை வழிந்து காய்ந்த சொட்டுகூட இருந்தது. பின்பக்கம் சீரியல் நம்பர் லேபிள் இருந்த இடத்தில் வெறும் பிசின் சதுரம். டெக்னீஷியன் டார்ச்சை அடித்து, போர்டில் இருந்த சில்லுகளின் முதுகைப் படித்தார். "0931. முதல் ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு வாரம்." 2009-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். பக்கத்துச் சில்லுகளிலும் 0928, 0930. சில்லு கொஞ்ச நாள் கிடங்கில் தூங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை வருடக் கணக்கு எங்கே வருகிறது? இந்த மாடலுக்கு ரப்பர் பட்டை இப்போது வருவதில்லையாம். பழைய பியானோ ஒன்றைக் கழித்துக்கட்டும்போது உருவிப் போடலாம், அதற்கு இன்னொரு மாதச் சம்பளம் ஆகும் என்றார்.

1700-ஐ ஒட்டி இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் இந்த வாத்தியத்தை உருவாக்கியதே மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் ஓங்கித் தொட்டால் ஓங்கியும் ஒலிக்க வேண்டும் என்றுதான். அதற்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் அது முடியாது. பியானோ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'மெதுவாக', அதாவது சத்தம் குறைவாக, என்று பொருள். மூன்று மாதச் சம்பளம் கொடுத்து நான் வாங்கி வந்ததற்கு அது ஒன்றுதான் வராது.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அந்த விற்பனையாளர் பெயர் இல்லை. வேறு பெயரில், அதே பச்சை டிக்கோடு, வேறொரு பியானோ: 'மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் விற்கிறோம்.' படத்தைப் பெரிதாக்கினேன். ஸ்டாண்டில் அதே புத்தகம். மூலையில் பூனை. புகார் பொத்தானை அழுத்தினேன், 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று வந்தது. படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போதைக்கு முடியவில்லை, கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். போனதும் பியானோவை நீங்களே அணைத்து, நீங்களே போடுங்கள். எதிரொலியை எடுத்துவிட்டு 88 கட்டைகளையும் ஒன்று விடாமல், முடிந்தவரை மெல்ல அழுத்துங்கள். எதாவது ஒன்று துள்ளினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தி, தட்டுகிறதா என்று கேளுங்கள். லேபிள் இல்லாத பியானோ வேண்டாம். தளத்துக்கு வெளியே பணம் வேண்டாம், எத்தனை அக்கா போட்டாலும் சரி. கூச்சமாக இருந்தால் கூட யாரையாவது கூட்டிப்போங்கள். பெடலைப் பற்றியும் எழுத வேண்டும், அப்புறம் எழுதுகிறேன். டெக்னீஷியன் கூப்பிடுகிறார், சுத்தியல் கிடைத்ததோ என்னவோ.