பெண் தொழில்முனைவோர் சங்கத்துல மெம்பர்ஷிப் எடுக்கலாமா? என்னோட ரிவ்யூ

மதுரைப் பக்கம் வீட்டுலயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சத்துமாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறேன். எங்க ஊர்ல பெண் தொழில்முனைவோர் சங்கம் ஒண்ணுல மெம்பர், பேரு வேணாம். சேரலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க, அதான் எழுதுறேன்.

புடிக்காதத முதல்ல சொல்லிடுறேன். மகளிர் தினம் வந்தா மேடை, சால்வை, ஷீல்டு, குரூப் போட்டோ, சந்தா பாதி இதுக்கே போகுதோன்னு தோணும். கண்காட்சியில மெம்பருக்கு சலுகை விலைல ஸ்டால்னு சொல்லி பாத்ரூம் போற வழியில ஒரு மூலையப் புடிச்சுக் குடுத்தாங்க, அன்னிக்கு வித்ததுல ஆட்டோ காசு கூட தேறல.

ஆனா லோன் விஷயத்துல இவங்கள அடிச்சுக்க ஆளில்ல. பிஎம்இஜிபில (புதுசா தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோட குடுக்குற லோன் திட்டம்) பொண்ணுங்களுக்கு கிராமம்னா 35%, டவுன்னா 25% மானியம், கைக்காசு 5% போட்டா போதும், இதெல்லாம் யூடியூப்லயே கிடைக்கும். அந்த மானியம் நம்ம கைக்கு வராது, பேங்க்லயே 3 வருஷம் டெபாசிட்டா கிடக்கும், அதுவரைக்கும் யூனிட் ஓடிட்டு இருக்கணும்ங்கிறத சங்கத்து அக்கா ஒருத்தங்கதான் உக்கார வச்சு சொன்னாங்க. என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு, "அரவை மெஷின் கொட்டேஷன் இருக்கு, பேக்கிங் மெஷின் எங்கம்மா? சீசன்ல மிளகா மொத்தமா வாங்கிப் போட பணத்துக்கு எங்க போவ?"ன்னு பேனாவால சுழிச்சுத் தள்ளிட்டாங்க. உத்யம் பதிவுக்கு (சிறு தொழில்னு அரசாங்கத்துல பதியறது) ஒத்த ரூபா கட்ட வேணாம்னும் அவங்க சொல்லித்தான் தெரியும், இல்லன்னா ஏஜென்ட் கேட்டத எடுத்துக் குடுத்திருப்பேன்.

இன்னொண்ணு, பாக்கி வசூல். ஒரு சூப்பர் மார்க்கெட்ல சரக்க வித்துட்டு பணத்த இழுத்தடிச்சாங்க. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளத் தாண்டக் கூடாது, தாண்டுனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டப் போல 3 மடங்கு கூட்டு வட்டி, அரசாங்கத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகாரும் குடுக்கலாம். சட்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தனி ஆளா புகார் குடுத்தா மறுநாளே நம்ம பாக்கெட்ட ராக்ல இருந்து தூக்கிருவாங்களே, அந்த பயத்துலயே முக்கால்வாசி பேர் வாயத் தொறக்குறதில்ல. சங்கத்து லெட்டர்ஹெட்ல என்னோட சேத்து இன்னும் சில பேர் பாக்கியையும் போட்டு ஒரே லெட்டரா அனுப்புனாங்க, பணமும் வந்துச்சு, சரக்கும் ராக்லயே இருக்கு.

சும்மா விசிட்டிங் கார்டு மாத்திக்கத்தான்னா சேராதீங்க, வேஸ்ட். லோன் போடப் போறீங்க, கடைகளுக்கு கடனுக்கு சரக்கு போடுறீங்கன்னா கண்டிப்பா சேரலாம்.

5க்கு 3.5. சங்கத்தோட அடுத்த எலெக்‌ஷன்ல அந்த அக்கா நிக்கலன்னா 3 தான்.