காரைக்குடியில அடிச்ச ஸ்டிமாச் ஜெர்சி

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன பிரிண்டிங் கடையில குரோஷியா ஃபுட்பால் டீம் ஜெர்சி அடிச்சேங்க, பின்னாடி 4-ம் நம்பர், இகோர் ஸ்டிமாச். "அந்த டீம் ஸ்டார் மோட்ரிச் பேரு தானே தம்பி எல்லாரும் கேப்பாங்க"ன்னாரு அண்ணன். நம்ம இந்தியா டீமுக்கு 2019ல இருந்து 2024 வரை கோச்சா இருந்தவர்ணே, 1998 உலகக் கோப்பையில குரோஷியா மூணாவது வந்தப்ப டிஃபென்ஸ்ல நின்னவர், இங்கிலாந்துல டெர்பி கவுன்டி கிளப்புக்கு வந்து அந்த சீசன்லயே அவங்கள பிரீமியர் லீக்குக்கு ஏத்திவிட்டவர்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

வேலை பிரமாதம். சிவப்பு வெள்ளை கட்டம் ஆத்தங்குடி கல்லு பதிச்ச மாதிரி தையல் ஓரத்துல கூட கோணாம சேருது. அவர் பேர்ல எஸ்ஸுக்கு மேல ஒரு குட்டி கொக்கி வரும், ஃபான்ட்ல அது இல்ல, அண்ணன் கையாலயே வரைஞ்சு வெட்டி ஒட்டிக் கொடுத்தாரு, அதுக்கே தனியா நன்றி. மூணு தடவை உப்புத் தண்ணில துவைச்சாச்சு, சிவப்பு வெள்ளையில இறங்கல. காலர் மட்டும் கழுத்த அறுக்குது, வெயில்ல விளையாடவே முடியல, அத மாத்தணும்ணே.

2023ல ஸ்டிமாச் நமக்கு தெற்காசிய நாடுகளோட சாஃப் கப், இன்டர்கான்டினென்டல் கப் ரெண்டும் ஜெயிச்சு கொடுத்தாரு, உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல குவைத்த அவங்க ஊர்லயே 1-0ன்னு அடிச்சோம். அப்புறம் ஆப்கானிஸ்தான்கிட்ட தோத்தது, கத்தார்கிட்ட தோத்தது, அவர வேலைய விட்டு தூக்குனது எல்லாம் இன்னும் வலிக்குது, ஆனாலும் எனக்கு அவர் தான் கோச். 450 ரூபா தாராளமா கொடுக்கலாம். அடுத்து அதே 98 டீம் டிஃபென்ஸ்ல நின்ன பிலிச் 6-ம் நம்பர் சொல்லிருக்கேன்.