கன்வென்ஷனல்: மரபா, வழக்கமா, சம்பிரதாயமா?

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆங்கில வேளாண் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கன்வென்ஷனல் (conventional) விவசாயிகள் ஏக்கருக்கு எவ்வளவு யூரியா போடுகிறார்கள் என்று ஒரு வரி வந்தது. யோசிக்காமல் 'மரபு விவசாயிகள்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: "மாப்பிள்ளைச் சம்பா போடுறவர் எதுக்குய்யா மூட்டை மூட்டையா யூரியா வாங்குறார்?" பழைய நாட்டு நெல்லைப் போடுபவரைச் சொன்னதாக ஆகி, ஒரே சொல்லில் அர்த்தம் தலைகீழாகியிருந்தது.

கன்வென்ஷனல் என்ற சொல்லுக்குப் பழமையோடு நேரடி உறவு கிடையாது. அதன் லத்தீன் வேருக்குக் 'கூடி வருதல்' என்று பொருள். நாலு பேர் கூடி 'இப்படியே வைத்துக்கொள்வோம்' என்று ஒத்துக்கொண்டது கன்வென்ஷன். ஜெனீவா உடன்படிக்கைக்கும் அதுதான் பெயர். பிறகு, பெரும்பாலோர் இப்போது செய்வது எதுவோ அதெல்லாம் கன்வென்ஷனல் ஆயிற்று. பசுமைப் புரட்சி வந்தது 1960களில். இந்தக் கொஞ்ச காலத்திலேயே யூரியா கன்வென்ஷனல் ஆகிவிட்டது, சாணி எரு அதற்கு வெளியே!

தமிழில் முதலில் கைக்கு வருவது மரபு. இலக்கணத்தில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. யானைக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, சிங்கத்துக்குக் குருளை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. உயர்ந்தோர் எப்படிச் சொன்னார்களோ அப்படிச் சொல்வது மரபு என்கிறது நன்னூல். இயற்பியலில் வரும் 'மரபு மின்னோட்டம்' இதே ரகம்: மின்னோட்டம் நேர் முனையிலிருந்து எதிர் முனைக்கு ஓடுவதாக வைத்துக்கொள்வது. பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் நேர், எதிர் என்று மின்னூட்டத்துக்குப் பெயர் வைத்தார். 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். கம்பியில் எலெக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடுகின்றன என்று தெளிவான பிறகும் யாரும் குறியை மாற்றவில்லை. வைத்தது வைத்ததுதான். இந்த இடத்தில் மரபை அடிக்க வேறு சொல் இல்லை.

சிக்கல் இன்றைய காதில் இருக்கிறது. மரபு என்றதும் நமக்குத் தாத்தா காலம்தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் 'மரபுசாரா எரிசக்தி' எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். பாய்மரத்தை ஓட்டிய காற்றும் நெல்லைக் காயவைத்த வெயிலும் மரபு சாராதவை, அனல்மின் நிலையத்து நிலக்கரி மரபு! பெயரில் 'நான்-கன்வென்ஷனல்' என்று வைத்திருந்த டெல்லி அமைச்சகம் 2006இல் 'புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பற்றி எழுதும்போது நம்மில் பலர் இன்னும் மரபுசாராவை விடவில்லை.

ஆயுதத்திலும் இதே கதை. மரபுவழி ஆயுதம் என்றால் வேலும் வாளும் மனதில் வரும். சொல்ல வருவதோ டாங்கியும் பீரங்கியும்: அணு, வேதி, உயிரியல் ஆயுதங்கள் நீங்கலான மிச்சம். ஆனாலும் இதைப் பிடுங்க நான் தயாரில்லை. ஈழத்து எழுத்தில் 'மரபுவழிப் போர்' என்பது கெரில்லாப் போருக்கு எதிர்ச்சொல்லாக நன்றாக வேர்விட்டுவிட்டது. 1980இல் ஐ.நா.வில் உருவான ஓர் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரில் கன்வென்ஷன், கன்வென்ஷனல் இரண்டும் வரும். தமிழில் ஒன்று உடன்படிக்கை, இன்னொன்று மரபுவழி. உறவே தெரியாமல் பிரிந்த அண்ணன் தம்பி.

அடுத்தது வழக்கம். வழக்கமான முறை, வழக்கமான சிகிச்சை என்று சாதாரண இடங்களில் உறுத்தாமல் உட்காரும். 'வழக்கமான போர்' என்று போட்டால் மட்டும் குழாயடிச் சண்டை மாதிரி ஆகிவிடும்.

சம்பிரதாயம் இவை இரண்டும் தொடாத ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. "சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டார்" என்கிறோமே, அந்த உயிரில்லாத தொனி. கதை விமர்சனத்தில் 'கன்வென்ஷனல் முடிவு' என்று வந்தால் நான் யோசிக்காமல் 'சம்பிரதாயமான முடிவு' என்று போடுவேன். அதிலிருக்கும் சலிப்பை மரபு தராது. 'மரபான முடிவு' பாராட்டு மாதிரிகூட ஒலிக்கும்.

சில இடங்களில் மூன்றையும் விட்டுவிடுவது நல்லது. கன்வென்ஷனல் விஸ்டம் என்ற தொடரை 1958இல் பிரபலமாக்கிய பொருளாதார அறிஞர் கால்பிரெய்த் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். 'மரபு ஞானம்' என்றால் சித்தர் வாக்கு ஆகிவிடும். 'எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் கருத்து' கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதுதான் சரி. ட்ரெடிஷனலுக்கு வேண்டுமானால் பாரம்பரியம் இருக்கிறது, தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த யூரியா வரி. 'ரசாயன உரம் போடும் விவசாயிகள்' என்று மாற்றி அனுப்பினேன். "இங்கிலீஷ்லயே அப்படி எழுதியிருக்கலாமே" என்றார் நண்பர்.