ஸ்கேனிலிருந்து கேட் (CAD) மாடல்: ஆட்டோ சர்ஃபேஸா, மறுபடி வரைவதா?

ஒரு பாகத்தை 3டி ஸ்கேன் செய்தால் ஸ்கேனர் தருவது வெறும் முக்கோண மெஷ், அதாவது சிறு முக்கோணங்களாலான வலை. அதன்மேல் மென்பொருளே நர்ப்ஸ் எனும் வழவழப்பான வளைபரப்புகளைப் போர்த்திவிடுவது ஒரு வழி; அதுதான் ஆட்டோ சர்ஃபேஸ். மெஷ்ஷை அடியில் வைத்துக்கொண்டு ஸ்கெட்ச் (தளத்தில் வரையும் கோட்டுருவம்), எக்ஸ்ட்ரூட் (அதை நீட்டித் திண்மமாக்குவது) என்று புதிதாகக் கட்டுவது இன்னொன்று. மெஷ்ஷை அப்படியே சாலிடாக்கும் கட்டளையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை; இரண்டு லட்சம் முக்கோணம் இரண்டு லட்சம் முகமாகிக் கணினி திணறும்.

வேகத்தில் ஆட்டோ சர்ஃபேஸ்தான். மாடல் ஸ்கேனிலிருந்து எங்கே எவ்வளவு விலகுகிறது என்று நிறத்தில் காட்டும் கலர் மேப்பும் முழுக்கப் பச்சையாக, அதாவது விலகல் இல்லை என்று வரும். அந்தப் பச்சையில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சிக்கல், அளவை மாற்றும்போது தெரியும். உதாரணத்துக்கு ஒரு பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. 6204 பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ.; தேய்ந்த துளையோ ஸ்கேனில் 47.1 என்று, லேசாக நீள்வட்டமாக வரும். ஆட்டோ சர்ஃபேஸ் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். அங்கே உருளை கிடையாது, ஒட்டுப்போட்ட பரப்புகள்தான். பிடித்து மாற்ற அச்சோ விட்டமோ இல்லை. 6205 பேரிங்குக்கு மாற வேண்டுமென்றால் உருளை ஒன்றை வரைந்து வெட்ட வேண்டும், வாயோரத்து ஃபில்லெட் (விளிம்பை உருட்டிய வளைவு) அப்போது பெரும்பாலும் சிதையும். மறுபடி வரைந்த மாடலில் 47ஐ 52 ஆக்கி, ஆழத்தில் 1 மி.மீ. கூட்டினால் முடிந்தது. சுவர் தடிமன் மட்டும் இடம்கொடுக்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு மறுபடி வரைவதற்கே. ஆனால் அலைன்மென்ட்டில், அதாவது மெஷ்ஷை ஆய அச்சுகளோடு பொருத்துவதில், அவசரம் கூடாது. கடைந்த தட்டை முகத்தை இசட் தளமாகவும் பிரதான துளையின் அச்சை ஆதியாகவும் (ஒரிஜின்) வைக்க வேண்டும். வார்ப்பின் சொரசொரப்பான முகத்தை நம்பினால் அடுத்து வரும் ஸ்கெட்ச் அத்தனையும் சாயும். பிறகு குறுக்குவெட்டு எடுத்து 24.93ஐ 25 ஆக்கலாம். எல்லாவற்றையும் இப்படி நேராக்கிவிடவும் கூடாது: வார்ப்புச் சுவரில், அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்கான சரிவாக, 1 முதல் 2 டிகிரி டிராஃப்ட் இருக்கும், அதை விட்டால் நடுவில் பொருந்தி இரு முனையிலும் விலகும். எம்8 மரைத் துளைக்கு ஸ்கேன் அளவே வேண்டாம். மரை கேஜில் பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1.25 மி.மீ. என்று உறுதியானால் 6.8 மி.மீ. துளை. ஃபில்லெட் எல்லாம் கடைசியில்.

கைப்பிடி, சிற்பம் போன்ற வளைவுகளில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே ஸ்கெட்ச் போட்டு மாளாது. அந்தப் பரப்பை மட்டும் ஆட்டோவில் எடுத்து, மீதியை வரைந்து, மிஞ்சியதை வெட்டி (டிரிம்) இணைப்பது பெரும்பாலும் சரிவரும்.

எப்படிச் செய்தாலும் விலகல் வரம்பை முகத்துக்கு முகம் வேறாக வையுங்கள். கடைந்த முகத்துக்கு 0.05 மி.மீ. வைத்தால், வார்ப்புத் தோலில் 0.5 மி.மீ. இருந்தாலும் பாதகமில்லை. தேய்ந்த துளை கலர் மேப்பில் சிவப்பாகத்தான் வர வேண்டும்; மாடலில் இருப்பது தேயாத அளவு அல்லவா.