ஊற்றா, லாரியா, கூரைத் தொட்டியா?

கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டியபோது தண்ணீருக்கு மூன்று வழிகள் இருந்தன. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து ஓஸ் இழுக்கலாம். லாரித் தண்ணீர் வாங்கலாம். கூரை மழையைத் தொட்டியில் பிடிக்கலாம். நான் கூரையைத் தேர்ந்தேன். இரண்டு கோடைகள் கடந்துவிட்டன.

லாரியைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. செலவு கூடுதல், ஊரே தண்ணீர் தேடும் மாதத்தில் நமக்கு முறை வர நாளாகும்.

ஊற்றுநீரின் சுவைக்கு ஈடில்லை. மின்சாரமும் வேண்டாம், சரிவில் தானாக இறங்கி வரும். சிக்கல் பராமரிப்பில்தான். அரைக் கிலோமீட்டர் ஓஸைக் காட்டெருமை மிதித்தால், எங்கே உடைந்தது என்று தேயிலைச் செடிகளுக்கிடையே தேடி நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் மழையில் நனைந்தபடி ஓஸை ஒட்டிவிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொட்டிக்கும் வேலை உண்டு, ஆனால் அது ஏணி எட்டும் தூரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். என் கூரை 80 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பெய்தால் சிந்தியது போக ஆறாயிரம் லிட்டராவது சேரும். ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. நால்வருக்கு ஆளுக்கு 55 லிட்டர் (ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு வைத்திருக்கும் அளவு) என்றால் 90 நாளுக்கு 19,800 லிட்டர். அதனால் 20,000 லிட்டர் தொட்டி கட்டினேன்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கூரையோரத் தகரக் கால்வாயில் சில்வர் ஓக் சருகை அள்ளுகிறேன். வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுகிறேன். வடிகட்டியிலுள்ள மணல், கரி, ஜல்லி அடுக்கை ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன். வெளிச்சம் புகாத மூடி இருப்பதால் பாசி பிடிக்கவில்லை. இந்த மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடிநீரைத் தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பில் வைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை முற்றிலும் பொய்த்த ஆண்டை என் தொட்டி இன்னும் சந்திக்கவில்லை. அப்படியொரு ஆண்டில் லாரியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். கூரைமேல் மரக்கிளைகள் கவிந்திருக்கும் வீடென்றால், அண்ணனைப் போல ஊற்றுக்கே போகச் சொல்வேன். அத்தனை சருகையும் வாரந்தோறும் அள்ளி மாளாது.