ஃபைல்களை மேயும்போது நடப்பு ஃபோல்டரும் கூடவே நகர வேண்டுமா? விம்மில் மூன்று வழிகள்

நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரில் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கி ஃபைல் தேடும்போது, எடிட்டரின் நடப்பு ஃபோல்டர், அதாவது அது தன் வேலைக்கு இருப்பிடமாக வைத்திருக்கும் ஃபோல்டர், நம்மோடு வர வேண்டுமா, இருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமா? மூன்று வழிகள் இருக்கின்றன. நான் மூன்றாவதில்தான் நிலைத்திருக்கிறேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலாவது, ஆட்டோசிஎச்டிர் அமைப்பு. எந்த ஃபைலுக்குப் போனாலும் அதன் ஃபோல்டரே நடப்பு ஃபோல்டராகிவிடும். பக்கத்து ஃபைலைத் திறக்கப் பெயரை மட்டும் அடித்தால் போதும். இது இயங்கும்போது சில செருகுநிரல்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று விம்மின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது.

இரண்டாவது, விம்முடனே வரும் நெட்ஆர்டபிள்யூ என்ற ஃபைல் உலாவியின் கீப்டிர் அமைப்பு. இயல்பில் அதன் மதிப்பு 1, அதாவது நீங்கள் எங்கே மேய்ந்தாலும் நடப்பு ஃபோல்டர் அசையாது. 0 என மாற்றினால் மேயும் ஃபோல்டரோடு அதுவும் நகரும். உலாவிக்குள்ளேயே ஃபைல்களை நகலெடுப்பதும் இடம் மாற்றுவதும்தான் அதிகம் என்றால் 0 வசதி.

மூன்றாவது, தானாக எதையும் நகரவிடாமல், தேவைப்படும்போது நாமே மாற்றுவது. அதற்கு மூன்று கட்டளைகள்: சிடி மொத்த எடிட்டருக்கும், டிசிடி அந்த டேபுக்கும், எல்சிடி அந்த ஜன்னலுக்கும். ஒரு டேபில் ஒரு புராஜெக்ட், அதன் வேர் ஃபோல்டருக்கு (எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதற்கு) ஒரு டிசிடி, அவ்வளவுதான் என் ஏற்பாடு.

ஏன் இது? நடப்பு ஃபோல்டர் என்பது கண் பார்க்கும் இடம் இல்லை, கட்டளைகள் ஓடும் இடம். புராஜெக்டைக் கட்டும் மேக், ஃபைல்களுக்குள் சொல் தேடும் கிரெப், எடிட்டருக்குள் திறக்கும் டெர்மினல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆட்டோசிஎச்டிர் இயங்கும் நிலையில், வேரிலிருந்து மூன்று படி கீழே ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு மேக் கொடுங்கள். மேக்குக்கான குறிப்புகள் உள்ள மேக்ஃபைல் வேரில் மட்டும் இருந்தால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று உடனே கத்தும். அது பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. அதே இடத்தில், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் தேடல் கட்டளையான கிட் கிரெப் கொடுங்கள். அது கத்தாது. அந்தச் சின்ன ஃபோல்டருக்குள் மட்டும் தேடி, கிடைத்த இரண்டு வரியைக் காட்டிவிட்டு நிற்கும். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றப் போகிறீர்கள், அதை அழைக்கும் இடங்கள் இந்த இரண்டுதான் என்று நம்பிவிடுவீர்கள். மீதி அழைப்புகள் பக்கத்து ஃபோல்டர்களில் அப்படியே கிடக்கும். பிழைச் செய்தி வந்தால் திருத்திக்கொள்ளலாம், பாதி விடை முழு விடை மாதிரி வந்து நின்றால் என்ன செய்வது? எனக்கு முடிவெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

சரி, பக்கத்து ஃபைலைச் சட்டெனத் திறக்கும் சுகம் போய்விடுமே? போகாது. திறக்கும் கட்டளையில் சதவீதக் குறி, முக்காற்புள்ளி, எச், ஒரு சாய்கோடு என்று அடித்து டேப் விசையைத் தட்டினால், இப்போதிருக்கும் ஃபைலின் ஃபோல்டரில் உள்ளவை வரிசையாக வரும். ஒரு குறுக்குவிசையில் போட்டுவிட்டால் அடிக்கும் வேலையும் இல்லை.

இதிலும் தொல்லை உண்டு. டேபுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். அப்போது வெர்போஸ் பிடபிள்யூடி என்ற கட்டளையைக் கொடுத்தால், பாதையோடு அது ஜன்னலுடையதா, டேபுடையதா, பொதுவானதா என்பதையும் சொல்லும். டிசிடி இல்லாத மிகப் பழைய விம் என்றால் எல்சிடியே கதி.

ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு பஃபருக்கும் (திறந்திருக்கும் ஃபைல் போன்றவற்றுக்கு) தனித்தனி நடப்பு ஃபோல்டர், புராஜெக்ட் வேரிலிருந்து தேடவும் கம்பைல் செய்யவும் தனிக் கட்டளைகள். நான் அதில் அன்றாடம் புழங்குபவன் அல்ல, அதனால் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒற்றை ஃபைல்களை மட்டும் திறந்து திருத்தி மூடுபவர் என்றால், தாராளமாக ஆட்டோசிஎச்டிரையே வைத்துக்கொள்ளுங்கள்.